தீக்கும் ஒரு முறை உண்டு
காட்டுத்தீ என்றாலே அழிவு என்று நினைக்கிறோம். அமேசான் மழைக்காட்டில் அது உண்மைதான். அங்குள்ள மரங்களின் மெல்லிய பட்டை, தரையோடு ஊரும் தீயைக்கூடத் தாங்காது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலோ ஜேக் பைன் மரத்தின் கூம்புகள் பிசினால் ஒட்டிக் கிடக்கும். தீயின் சூடு பட்டால் விரிந்து விதை சிந்தும். அப்படி முளைத்த இளமரங்களின் அடியில்தான் கிர்ட்லாந்து கதிர்க்குருவி கூடு கட்டும். மரம் இருபது வயதைத் தாண்டி வளர்ந்துவிட்டால் அந்த இடம் அதற்குப் பயன்படாது. தீயை உடனுக்குடன் அணைத்து வந்ததில் இளங்காடு சுருங்கியது. 1974, 1987 கணக்கெடுப்புகளில் பாடும் ஆண் குருவிகள் 167தான் இருந்தன. இதன் கூட்டில் முட்டையிட்டுக் கெடுக்கும் மாட்டுப்பறவைதான் காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. 1972 முதலே அந்தப் பறவையைப் பிடித்து அகற்றினார்கள். சரிவு நின்றது, எண்ணிக்கை உயரவில்லை. 1980இல் கைமீறிப் பரவிய மேக் ஏரித் தீ ஓர் உயிரையும் பல வீடுகளையும் பறித்தது. அந்தக் கொடிய தீ எரித்த பரப்பில் இளங்காடு எழுந்த பிறகே குருவிகள் பெருகின. பின்னர் மரங்களை வெட்டி நட்டும் இளங்காட்டை உருவாக்கினார்கள். 2019இல் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டது.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பருவத்தில், எவ்வளவு உக்கிரமாக எரிகிறது என்பதைப் பொறுத்தே தீ ஒரு காட்டை வாழவைக்கிறது, அல்லது கொல்கிறது. எங்கே எரிகிறது என்று செயற்கைக்கோள் காட்டும்; அந்த இடத்துக்கு அது ஏற்றதா என்பதை அந்த மண்ணை அறிந்தவர்தான் சொல்ல முடியும். அதனால்தான் நேச்சர் கன்சர்வன்சி, ஐயுசிஎன், டபிள்யூடபிள்யூஎஃப் ஆகிய அமைப்புகள் பல நாட்டு வல்லுநர்களைக் கூட்டி உலகெங்கும் தீயின் போக்கை மதிப்பிட்டன. 2007இல் வெளியான அறிக்கையின்படி, நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கில்தான் அது சீர்கெடாமல் இருக்கிறது. இது வல்லுநர்களின் கணிப்பே தவிர நேரடி அளவீடு இல்லை என்ற குறை நியாயமானது. ஆனால் எல்லா நாட்டாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டதால், பின்னால் கிடைக்கும் தரவுகளைக் கொண்டு அதைத் திருத்த முடியும்.

மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தீ வைத்துவரும் இடத்தில் 'இயற்கையான தீ' ஏது என்பது இன்னும் வலுவான கேள்வி. வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் நிலத்தில் பூர்வகுடிகள் வறட்காலத் தொடக்கத்திலேயே திட்டுத்திட்டாக எரிப்பார்கள். அவர்கள் அங்கிருந்து அகன்றபின் பிந்திய வறட்காலப் பெருந்தீகள் மிகுந்தன. 2006இல் அவர்களே பழைய முறையைத் திட்டமாக மீட்டபின் அவை குறைந்தன. எனவே அங்குள்ள உயிரினங்கள் பழகிய தீமுறையில் மனிதக் கையும் அடக்கம். மதிப்பீடு அதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்த அனுபவம் இப்போது ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவுக்கும் கொண்டுசெல்லப்படுகிறது. அங்கே எந்த மாதம், எந்தப் புல்லை எரிப்பது என்பதை அந்நாட்டுச் சமூகங்களிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.