பிலிம் சுருளின் கதை – 9: மலைச்சாரலில் ஒரு சாட்சி

சென்ற வாரம் ஸ்டூடியோவின் அடைத்த சுவர்களுக்குள்ளே செயற்கை விளக்கைக் கொண்டு உருவப்படம் எடுக்கும் முறையைப் பார்த்தோம். இந்த வாரம் சுவரும் கூரையும் இல்லாத இடத்துக்கு, ஸ்காட்லாந்து தேசத்தின் மேட்டு நிலத்துக்கு, வாசகர்களை அழைத்துப் போக விரும்புகிறேன். அங்கே க்ளென்கோ பள்ளத்தாக்கிலும் ஸ்கை தீவின் மலைச்சாரல்களிலும், உற்றார் உறவினர் என்ற பெருங்கூட்டம் எதுவுமின்றி, மணமகன், மணமகள், மணம் செய்துவைப்பவர் ஒருவர், சாட்சிகள் இருவர் என ஐந்தே பேர் கூடி நிற்க விவாகம் நடந்தேறுவதும், அதைப் பழைய காமிராவில் பிலிம் சுருளைப் பொருத்திப் படமாக்குவதும் இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கின்றன.

வீட்டாரை விட்டு விலகிச் சென்று மணந்துகொள்வது அந்தத் தேசத்துக்குப் புதிய வழக்கமன்று. 1754-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்தில் அமலுக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் சட்டம், 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரை மீறி ரகசியமாக மணந்துகொள்ளும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டது. எல்லைக்கு வடக்கே ஸ்காட்லாந்திலோ, ஆணும் பெண்ணும் சாட்சிகள் முன்னிலையில் தங்கள் சம்மதத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், அது செல்லுபடியாகும் விவாகம். ஆகவே எல்லையைத் தாண்டியவுடன் எதிர்ப்படும் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூருக்கு இங்கிலாந்துக் காதலர்கள் குதிரை வண்டியில் விரைந்தார்கள். பின்னால் தகப்பனார்மார் துரத்திவர, கொல்லன் பட்டறையில் பட்டடையின் முன் நின்று மணந்துகொண்டார்கள். மணமக்களில் ஒருவராவது 21 நாட்கள் ஸ்காட்லாந்தில் வசித்திருக்க வேண்டும் என்று 1856-இல் ஒரு சட்டம் வந்து அந்த ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்தது. 1940-இல் அந்தப் பழைய முறையே எடுபட்டுப் போயிற்று.

இங்கிலாந்தின் விவாகச் சட்டத்தைத் தடுத்து நிறுத்திய அதே எல்லைக்கோடு, நம்முடைய கலைக்கும் ஒரு பேருபகாரம் செய்தது என்பது பலருக்குத் தெரியாது. பாக்ஸ் டால்பட் என்பவர் காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து அதிலிருந்து பிரதிகள் போடும் ‘கலோடைப்’ முறைக்கு 1841-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கி, கையாளுவோரிடம் கட்டணம் கேட்டு வந்தார். அந்த உரிமை ஸ்காட்லாந்துக்கு எட்டவில்லை. அதனால்தான் 1843-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரின் கால்டன் குன்றின்மேல், டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியரும் ராபர்ட் ஆடம்ஸன் என்ற இளைஞரும் ஒருவருடைய அனுமதியையும் எதிர்பாராமல் தொழில் தொடங்க முடிந்தது. சூரிய வெளிச்சமின்றி உருவம் பதியாத காலம் அது; படத்துக்கு அமர்பவர்களைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, நாற்காலியும் திரைச்சீலையும் வைத்து, வீட்டுக்குள் இருப்பது போன்ற தோற்றத்தை வெயிலிலே உண்டாக்கினார்கள். நியூஹேவன் மீனவர்களையும் கூடை சுமக்கும் அவர்கள் பெண்டிரையும் அவர்கள் எடுத்த படங்களில் காணும் சகஜபாவம், எனக்குத் தெரிந்தவரையில் அதற்கு முன் வேறு எந்தப் புகைப்படத்திலும் இல்லை. ஆடம்ஸன் 1848-இல் தமது 26-ஆம் வயதில் காலமானார். அந்தக் கூட்டுத் தொழிலும் அத்தோடு முடிந்தது. நெகட்டிவை எடுத்துக்கொண்டு திறந்த வெளிக்குப் போகும் இன்றைய கல்யாணப் படக்காரர்களுக்கு இவ்விருவருமே குலமுதல்வர்கள் என்று சொல்வேன்.

இனி இன்றைய நடைமுறைக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் மணந்துகொள்ள விரும்புவோர் குறைந்தது 29 நாட்களுக்கு முன்னதாகப் பதிவாளருக்கு மனுச் செய்து, ‘மேரேஜ் ஷெட்யூல்’ எனப்படும் பத்திரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். மணம் செய்துவைக்க அதிகாரம் பெற்ற ஒருவர் உடன்வந்தால், மலையுச்சியோ, ஏரிக்கரையோ, இடிந்த கோட்டையின் வாசலோ, எங்கு வேண்டுமானாலும் விவாகம் நடத்தலாம். அங்கேயே மணமக்களும், நடத்திவைத்தவரும், 16 வயது நிரம்பிய சாட்சிகள் இருவரும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, 3 நாட்களுக்குள் பதிவாளரிடம் சேர்ப்பித்துவிட வேண்டும். கடல் கடந்து இருவராகவே வந்து சேர்ந்த ஜோடிக்குச் சாட்சிகள் எங்கிருந்து கிடைப்பார்கள்? பெரும்பாலும் படம் எடுக்க வந்தவரே ஒரு சாட்சியாகிறார். அவருடைய உதவியாளரோ, அந்த வழியாக மலையேற வந்த யாரோ ஒருவரோ மற்றொரு சாட்சி. காமிராவைக் கழுத்திலிருந்து கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு, பேனாவை வாங்கி, காற்றில் படபடக்கும் அந்தத் தாளை ஒரு கையால் அழுத்திக்கொண்டு அவர் தம் பெயரை எழுதுகிறார்.

இந்தக் கலையின் தர்மம் முழுவதும் அந்தக் கையெழுத்தில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். சாட்சியாக நிற்பவனுக்கு நடப்பதைக் காண்பதைத் தவிர வேறு அதிகாரம் கிடையாது. நடந்ததை மாற்றவோ, மறுபடியும் நடத்தச் சொல்லவோ அவனுக்கு உரிமையில்லை. நம் ஊர்க் கல்யாணப் பந்தல்களில், மாங்கல்யதாரணத்தின்போது மணமேடையை மறைத்து நிற்கும் படக்காரர்களையும், ‘இன்னொரு தடவை’ என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துபவர்களையும் பார்த்து மனம் வருந்தியவர்களுக்கு நான் சொல்வது நன்கு விளங்கும். டிஜிட்டல் காமிராவைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் ஒவ்வொரு படத்தையும் எடுத்த கணமே முதுகுப்புறத் திரையில் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் வசதி, படம் எடுப்பவரை அவர் அறியாமலே சாட்சி நிலையிலிருந்து நாடக ஆசிரியர் நிலைக்கு உயர்த்திவிடுகிறது. ஐந்து பேர் மட்டுமே நிற்கும் இடத்தில் அவர்களுள் ஒருவர் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், வந்திருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் அங்கே இல்லை என்றே அர்த்தம். பிலிம் காமிராவுக்கு அந்தத் திரை இல்லை. எடுத்தது எடுத்ததுதான், கண்ணை மீண்டும் மணமக்களிடம் திருப்புவதைத் தவிர படம் எடுப்பவருக்கு வேறு வேலையில்லை.

சிக்கனமும் கூடவே வந்துவிடுகிறது. இவ்வகைப் படக்காரர்கள் பெரிதும் விரும்பும் 120 என்ற சுருள், 1901-ஆம் ஆண்டில் கோடக் கம்பெனியார் தங்கள் பிரௌனி காமிராக்களில் ஒன்றுக்காக வெளியிட்டது. இன்றும் அதே அகலத்தில், அதே பின்தாளோடு கடைக்கு வருகிறது. ஹாஸல்பிளாட் காமிராவில் சதுரமாக எடுத்தால் ஒரு சுருளில் 12 படங்கள் விழும். காண்டாக்ஸ் 645-இல் 16. தோளை அழுத்தும் பென்டாக்ஸ் 67-இல் 10 மட்டுமே. ஆகவே ஒருவர் சபதம் சொல்லும்போது எத்தனை முறை விரலை அழுத்துவது என்பதை, அவர் சொல்லும் சொற்களைக் காதால் கேட்டுக்கொண்டே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கேளாமல் எடுத்தால், குரல் தழுதழுக்கும் கணத்தில் சுருள் தீர்ந்துபோயிருக்கும்.

ஸ்கை தீவில் குய்ரெய்ங் என்ற மலைச்சரிவில், எனக்கு அறிமுகமான பெண்மணி ஒருவர் இவ்வாறு படம் எடுப்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மோதிரம் மாற்றிய சற்று நேரத்தில் சுருள் தீர்ந்தது. அவர் காற்றுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, மேலங்கியின் ஓரத்தைக் காமிராவின்மேல் குடைபோலக் கவித்துக்கொண்டு, தீர்ந்த சுருளைத் தளராமல் கட்டை விரலால் அழுத்தி எடுத்து, அதன் முனையிலுள்ள பசை நாடாவை நாவால் நனைத்துச் சுற்றி ஒட்டினார். பின்பு புதிய சுருளின் பின்தாளை எதிர்ப்பக்கக் கட்டையில் செருகி, தாளிலுள்ள அம்புக்குறி காமிராவின் புள்ளிக்கு நேராக வரும்வரை மெல்லத் திருகி, முதுகை மூடினார். கைகள் குளிரில் விறைத்திருந்தும் அவசரம் சிறிதும் இல்லை. அந்த இடைவேளையில் மணமகள் மணமகனுடைய விரல்களைத் தன் கைமடிப்புக்குள்ளே இழுத்து வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல, அவன் வாய்விட்டுச் சிரித்தான். படம் எடுப்பவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார், காமிராவில் இன்னும் முதல் எண் வரவில்லை, பார்த்துக்கொண்டே திருகினார். ‘அதை மறுபடி செய்யுங்கள்’ என்று அவர் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் இல்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயம் நிறைவு பெறாது. ஏறக்குறைய 57-ஆம் அட்சரேகையில் கிடக்கும் அந்தத் தீவில் ஜூன் மாதத்துச் சூரியன் இரவு 10 மணிக்குப் பிறகே அஸ்தமிக்கிறது. டிசம்பரிலோ பிற்பகல் 4 மணிக்குள் மறைந்துவிடுகிறது. வருஷத்தில் பெரும்பகுதி மேகமும் தூறலுமாகவே கழிவதால், நிழலே விழாத ஒரு சாம்பல் நிறப் பிரகாசம் மலையையும் மனிதரையும் ஒரே சீராகப் போர்த்தியிருக்கிறது. கோடைகாலத்து மாலையில் காற்று அடங்கிவிட்டாலோ ‘மிட்ஜ்’ என்னும் கண்ணுக்குச் சரிவரத் தெரியாத பூச்சிகள் கூட்டமாக வந்து கடிக்கத் தொடங்கும். ஆகையால் அனுபவசாலிகள் சிறிது காற்றடிக்கும் மேட்டையே நாடுவார்கள். மணமகள் உடுத்தியிருப்பது வெண்பட்டு. மணமகன் அணிந்திருப்பது கறுப்பு மேற்சட்டையும் கட்டம்போட்ட கில்ட்டும். இவ்விரண்டின் நுட்பங்களையும் ஒரே சட்டத்துக்குள் காப்பாற்றுவதில் கலர் நெகட்டிவுக்கு ஓர் அலாதியான சக்தி உண்டு. வெளிச்சம் குறைந்து போனால் நிழற்பகுதிகள் கலங்கிச் சேறாகிவிடும். கூடுதலானால், ஸ்டாப் என்னும் ஒளி அளவில் இரண்டு வரையிலும் அது பொறுத்துக்கொள்ளும், வெண்மையும் கெடாது. அதனால்தான் கோடக் போர்ட்ரா பிலிமின் பெட்டியில் ஒளியுணர்வு எண் 400 என்று அச்சிட்டிருந்தாலும், பலர் 200 என்று வைத்துக்கொண்டு, வெள்ளைக் குமிழ் பொருத்திய ஒளிமானியை மணமகளின் கன்னத்தருகே, நிழல் விழும் பக்கத்தில் பிடித்து அளவு பார்க்கிறார்கள்.

நிறத்தைப் பற்றிய ஒரு விஷயம் எனக்கு எப்பொழுதும் வியப்பூட்டுவது. அங்குள்ள விவாகங்களில் மணமக்களின் கைகளைச் சேர்த்து நாடாவால் கட்டும் ஒரு பழஞ்சடங்கு உண்டு. மணமகன் குடும்பத்தின் டார்ட்டன் என்னும் கட்டம்போட்ட துணியே பல சமயங்களில் அந்த நாடாவாக அமைகிறது. எடின்பரோவிலே பிறந்த விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், 1861-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், எல்லா வர்ணங்களையும் மூன்றே வர்ணங்களால் உண்டாக்கலாம் என்று மெய்ப்பிக்க எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு டார்ட்டன் நாடாதான்! தாமஸ் ஸட்டன் என்பவரைக் கொண்டு சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே அதைத் தனித்தனியாகப் படம் எடுக்கச் செய்து, மூன்றையும் அந்தந்த நிற ஒளியில் திரையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விழச்செய்தார். அக்காலத்து ரசாயனப் பூச்சில் சிவப்பு ஒளி பதியவே பதியாது. பின் எப்படிச் சிவப்பு தெரிந்தது என்ற புதிர் நூறு வருஷம் நீடித்து, சிவப்புத் துணி எதிரொளித்த புற ஊதாக் கதிர்களே அங்கே பதிந்திருக்கின்றன என்று 1961-இல் கோடக் ஆராய்ச்சியாளர்களால் விடுவிக்கப்பட்டது. இன்று நாம் காமிராவில் போடும் கலர் பிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்றையும் உணரும் அடுக்குகள் ஒரே தகட்டில் ஒட்டியிருப்பது மாக்ஸ்வெல் வகுத்த தத்துவத்தின்படியே. கட்டிய கைகளின்மேல் கிடக்கும் டார்ட்டனைப் படமாக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

இக்கலைக்கு ஆபத்துகளும் இல்லாமல் இல்லை. பசுமையை மென்மையாகக் காட்டுவதனால் கல்யாணப் படக்காரர்கள் உயிராக மதித்த பியூஜியின் புரோ 400எச் என்னும் பிலிம், மூலப்பொருள் கிடைப்பது அரிதாகிவிட்டதென்ற காரணத்தால் 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. காண்டாக்ஸ் 645 காமிராவின் உற்பத்தி 2005-லேயே நின்றுபோயிற்று. பழுதானால் மற்றொரு பழைய காமிராவைப் பிரித்துத்தான் உறுப்பு எடுக்க வேண்டும். விமான நிலையங்களில் புதிதாக வைத்திருக்கும் சி.டி. ஸ்கேனர்கள் கழுவாத பிலிமைப் பாழாக்கிவிடுமாகையால், சுருள்களைத் தனிப் பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி அதிகாரிகளை வேண்டிக்கொள்ள நேர்கிறது. ஒரு சுருள் கெட்டால் அந்த விவாகம் திரும்ப வருமா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. அதனால் விவேகமுள்ளவர்கள் இரண்டு காமிராக்களில் மாறி மாறி எடுக்கிறார்கள்; சிலர் முக்கியமான கட்டங்களை டிஜிட்டலிலும் எடுத்து வைக்கிறார்கள். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிறருடைய வாழ்நாள் ஞாபகத்தைக் கையில் ஏற்றவர்கள் கொள்கைப் பிடிவாதத்தைக் காட்டிலும் அந்தப் பொறுப்பையே பெரிதாக எண்ண வேண்டும்.

பத்திரம் பதிவாளரிடம் போய்ச் சேர்ந்து விவாகம் பதிவான பின்னரும், சுருள்கள் பசைநாடா ஒட்டியபடியே இருக்கின்றன. ஒளி பட்ட வெள்ளி உப்பின் மணிகளில் உருவம் ஏற்கெனவே உண்டாகிவிட்டது. ஆயினும் அதை எந்தக் கண்ணும் காண முடியாது. 1972-இல் கோடக் வகுத்த சி-41 முறைப்படி, 37.8 டிகிரி சூட்டிலுள்ள டெவலப்பரில் 3 நிமிஷம் 15 விநாடி ஊறிய பிறகே அது வெளிப்படும். அந்த 3 நிமிஷத்தில் தொட்டிக்குள்ளே என்ன நிகழ்கிறது என்பதையும், சூடு அரை டிகிரி பிசகினால் மணமகளின் வெண்பட்டுக்கு என்ன நேரும் என்பதையும் அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)