ரயில்வேயில் பையன் என்னவா இருக்கார்?

"பையன் எங்கே வேலை பார்க்கறார்?"

"ரயில்வேயில!" என்றாள் என் அக்கா. குரலில் தனி கம்பீரம்.

"அடடே! ரயில்வேயில என்னவா இருக்கார்?"

"எஞ்சினீயரிங் டிபார்ட்மெண்ட்!"

பெண் வீட்டார் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவசரமாக ஒரு கரண்டி கேசரியை வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் சிரித்துத் தொலைத்திருப்பேன்.

அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பி.இ. மெக்கானிக்கல் படித்த அவள் பையன் ரயில்வேயின் எஞ்சினீயரிங் டிபார்ட்மெண்டில்தான் இருக்கிறான். உத்தியோகத்தின் பெயர் டிராக் மெயின்டெய்னர். பழைய பாஷையில் சொன்னால், கேங்மேன்!

கல்யாணக் கதை அப்புறம். முதலில் எங்கள் வீட்டு ரயில்வே கதையைச் சொல்லிவிடுகிறேன். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. ரயில்வே வேலை என்பது மூன்று தலைமுறையில் எப்படி மாறிப் போச்சு என்கிற கதையும் இதற்குள்தான் இருக்கிறது.

தாத்தா - அப்பா - பேரன்

தாத்தா திருச்சி லோகோ ஷெட்டில் ஃபயர்மேன். நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. எஞ்சினில் டிரைவர் ஒருவர், ஃபயர்மேன் இரண்டு பேர். ஷெட்டில் எஞ்சினைத் துடைக்க ஆள், பாய்லரைப் பார்க்க ஆள், சாம்பலை அள்ள ஆள். கைகாட்டி மரத்தில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்ற லேம்ப்மேன். கேபினில் லீவர் இழுக்க லீவர்மேன். ஒரு ரயில் நகர வேண்டுமானால் ஒரு கிராமமே சேர்ந்து இழுக்க வேண்டும்! பொன்மலை ஒர்க்ஷாப் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பு பற்றும்.

சித்தரஞ்சனில் நீராவி எஞ்சின் செய்வதை 1972-ல் நிறுத்தினார்கள். இரண்டு வருஷத்தில் தாத்தா ரிடையர் ஆனார். "நான் போறேன்னு தெரிஞ்சதும் எஞ்சினையே நிறுத்திட்டான் பாரு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா புக்கிங் கிளார்க். கரியிலிருந்து காகிதத்துக்குப் ப்ரமோஷன்! அட்டை டிக்கெட்டை மெஷினில் கொடுத்து 'டக்'கென்று தேதி குத்துவார். ரிசர்வேஷன் என்றால் தலையணை சைஸ் லெட்ஜர். பிறகு சென்னைக்கு மாற்றல். 1987-ல் சென்னையில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வந்தபோது, "இது வேகமா டிக்கெட் கொடுக்கும். ஆனா தீபாவளிக்கு ஒரு பெர்த் எப்படியாவது பாருங்க சார்னு கேட்டா அதுக்குப் புரியாது" என்றார் அப்பா.

அவர் ரிடையர் ஆன வருஷம் 2002. அதே வருஷம் ஆகஸ்டில்தான் ஐ.ஆர்.சி.டி.சி. இன்டர்நெட்டில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. இன்றைக்கு ரிசர்வ் டிக்கெட்டில் ஐந்தில் நான்குக்கு மேல் கவுண்ட்டர் பக்கமே வராமல் போகிறது. அப்பா உட்கார்ந்த நாற்காலியை இப்போது உங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கிறீர்கள்!

ஆக, தாத்தா வேலையை டீசல் எஞ்சின் தின்றது. அப்பா வேலையைக் கம்ப்யூட்டர் தின்றது. பேரன் தண்டவாளத்துக்கு வந்து சேர்ந்தான்.

கொஞ்சம் கணக்கு... பயப்படாதீங்க!

1990-91-ல் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் சுமார் பதினாறரை லட்சம் பேர். 2000-01-ல் பதினைந்தரை லட்சம் ஆச்சு. 2010-11-ல் பதிமூன்று லட்சத்துச் சொச்சம். இப்போது ஏறத்தாழ 12 லட்சம்.

சரி, ஆள் குறைந்தார்களே, வேலை குறைந்ததா? 1990-91-ல் ரயில்வே ஏற்றிய சரக்கு சுமார் 32 கோடி டன். 2023-24-ல் கிட்டத்தட்ட 159 கோடி டன். அதாவது ஐந்து மடங்கு! ஆளுக்குப் பங்கு போட்டால் அன்றைக்குத் தலைக்கு 190 டன் சொச்சம். இன்றைக்கு 1,300 டன். இந்தக் கணக்கை உங்க ஆபீஸ் மேனேஜர் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.

இது மனிதன் மட்டும் செய்த மாயமில்லை. மின்சார எஞ்சின், பெரிய வேகன், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கும் மெஷின், பொத்தானை அமுக்கினால் மாறும் சிக்னல் எல்லாம் சேர்ந்து செய்தது. இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பெட்டியைக் கூட்டுகிறவர், போர்வை கொடுக்கிறவர், சாப்பாடு கொண்டுவருகிறவர் இவர்களில் பெரும்பாலோர் இப்போது கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்கள் அந்த 12 லட்சத்தில் சேர்த்தி இல்லை. வேலை ரயில்வேயில், பெயர் வேறு யாரோ ஒருத்தர் ரிஜிஸ்டரில்!

சில வேலைகள் சத்தமில்லாமல் போயே போச்சு. அதிகாரி வீட்டில் போன் எடுக்கவும் எடுபிடிக்கும் இருந்த 'பங்களா பியூன்' வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதை 2020 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். 2019 ஜனவரிக்குள் அகலப் பாதையில் ஆளில்லா லெவல் கிராஸிங் எல்லாவற்றையும் ஒழித்தார்கள்.

சில வேலைகள் பெயரை மாற்றிக்கொண்டன. டிரைவர், லோகோ பைலட் ஆனார். கார்டு 2022 ஜனவரியிலிருந்து டிரெயின் மேனேஜர். கேங்மேன், டிராக்மேன் ஆகி, பிறகு டிராக் மெயின்டெய்னர் ஆனார். பெயர் நீண்டதே தவிர, சுத்தியலின் வெயிட் அதேதான்!

நல்ல மாற்றமும் உண்டு. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ் 1980-களில் உதவி டிரைவர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எஞ்சினில் பெண் என்பதே அதிசயம். 2023-ல் வந்தே பாரத் ஓட்டினார். 2025 செப்டம்பரில் ரிடையர் ஆனார். 2023 செப்டம்பரில் ரயில்வே போர்டு தலைமை நாற்காலியிலேயே முதல்முறையாக ஒரு பெண், ஜெயா வர்மா சின்ஹா, உட்கார்ந்தார்.

ஒரு நாற்காலிக்கு 350 பேர்

'கோழி மேய்த்தாலும் கவர்மெண்ட்டில் மேய்' என்பார்கள். ஆனால் கோழி ஒன்று, மேய்க்க வந்தவர்கள் முந்நூறு பேர் என்றால்?

2019-ல் ரயில்வே இரண்டு பெரிய அறிவிப்பு வெளியிட்டது. கிளார்க், ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரியான வேலைகளுக்கு 35,281 இடம். மனு போட்டவர்கள் ஒண்ணேகால் கோடி! பத்தாவது படித்தால் போதும் என்ற லெவல்-1 வேலைகளுக்கு 1,03,769 இடம். மனு சுமார் 1.15 கோடி. அதாவது ஒரு நாற்காலிக்கு 350 பேர். ஒரு சுத்தியலுக்கு 110 பேர்.

அதற்கப்புறம் காத்திருப்பு. நடுவில் கொரோனா வேறு. லெவல்-1 பரீட்சை நடந்தது 2022-ல்! கிளார்க் தேர்வு முடிவு பற்றி 2022 ஜனவரியில் பீகாரில் இளைஞர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எந்த ரயிலில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தார்களோ, அதே ரயிலை மறித்தார்கள்.

எங்கள் பையன் இரண்டுக்கும் மனு போட்டவன். காலேஜ் முடித்தபோது வயசு 22. கம்ப்யூட்டரில் பரீட்சை எழுதும்போது 25. பாஸ் செய்தவனுக்கு உடல் தகுதித் தேர்வு. 35 கிலோ பாரத்தைத் தூக்கி, கீழே வைக்காமல் இரண்டு நிமிஷத்தில் 100 மீட்டர் போக வேண்டும். அப்புறம் ஒரு கிலோமீட்டரை நாலே கால் நிமிஷத்தில் ஓட வேண்டும். மொட்டை மாடியில் 25 கிலோ அரிசி மூட்டையோடு பத்து கிலோ பருப்பையும் சேர்த்துக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடினான். கீழ் போர்ஷன்காரர் மேலே வந்து, "ஏம்ப்பா, பி.இ. படிச்ச பையன் மூட்டை தூக்கவா போறே?" என்றார்.

"ஆமா அங்கிள், அதுக்குத்தான் கோடிப் பேர் போட்டி!" என்றான்.

2023-ல் ஆர்டர் வந்தது. அக்கா பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைத்தாள்.

விடியற்காலை ஐந்தரை மணி

போன மாசம் அவனைப் பார்க்கப் போனேன். பாசஞ்சர் ரயில் மட்டும் நிற்கிற சின்ன ஸ்டேஷன். அன்றைக்கு கீமேனுக்குப் பதிலாக அவனுக்கு டியூட்டி. ஆரஞ்சு கலர் சட்டை, தோளில் ஒரு பை. அதில் நீளக் கைப்பிடிச் சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைக்க டெட்டனேட்டர் வெடி.

"எவ்வளவு தூரம்டா மாப்ளே?"

"ஆறேழு கிலோமீட்டர் மாமா. போயிட்டு அதே வழியா திரும்பணும். ஒரு கிளிப் தளர்ந்திருக்கா, ரயில்ல விரிசல் இருக்கா, எல்லாம் கண்ணாலயே பார்க்கணும். கோடையில தண்டவாளம் வெயில்ல நெளியும். மழையில மண் இறங்கும். அதுக்குத் தனி ரோந்து."

"மெஷின் பார்க்காதா?"

"மெஷினும் வரும். ஆனா அது தினமும் வராது. நாங்க தினமும் வருவோம்."

பிளாட்பாரத்து முனையில் நின்று அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் வந்தது. தூரத்தில் அவன் பாதையை விட்டு இறங்கி ஓரமாக நிற்பது தெரிந்தது. ரயில் ஸ்டேஷனைத் தடதடவென்று தாண்டி அவன் பக்கமாகப் போயிற்று. ஏ.சி. பெட்டியில் திரை போட்டிருந்தது. அத்தனை பேரும் தூக்கத்தில். அதில் ஒருத்தருக்கும் அவன் நிற்பது தெரியாது. தெரியாமல் தூங்குகிறார்கள் பாருங்கள், அதுதான் அவன் செய்த வேலை என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷமாக ரயிலில் போகிறேன். ஒரு நாளாவது ஜன்னல் வழியாக அந்த ஆரஞ்சுச் சட்டையை நின்று கவனித்திருக்கிறேனா? இல்லை.

திரும்பி வந்தவன் முதலில் தண்ணீர் குடித்தான். பிறகு சொன்னான்: "பின்னாடி ரயில் வர்ற சத்தம் காத்து மாறி அடிச்சா கேக்காது மாமா. அதான் ஒரே பயம்." அதை அக்காவிடம் சொல்லாதே என்றான். சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

எங்கே இடம் காலி?

இங்கேதான் விஷயம். 2023-ல் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி ரயில்வேயில் சுமார் இரண்டரை லட்சம் இடம் காலி. அதில் தண்டவாளம், எஞ்சின், சிக்னல் என்று பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலைகளும் உண்டு. 2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் 5,696 பேர் போதும் என்று அறிவித்தவர்கள், ஜூனில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் விபத்து நடந்த சில நாளில் அதையே 18,799 ஆக்கினார்கள். விபத்துக்கு முன்னாலேயே அந்தப் பதிமூவாயிரம் பேர் தேவைப்படவில்லையா என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்கிறேன்.

ஆக, நாற்காலி குறைகிறது. நடக்கிற வேலையும் விழித்திருக்கிற வேலையும் குறையவில்லை, குறைக்கவும் முடியாது. நம்ம பசங்களோ நாற்காலியை நினைத்துக்கொண்டு மனு போடுகிறார்கள். கிடைப்பது சுத்தியலாக இருந்தால் மனசு உடைகிறார்கள். சேர்ந்த கொஞ்ச நாளில் விட்டுப் போகிறவர்களும் உண்டு.

மனு போடாதீர்கள் என்று சொல்ல நான் யார்? 2024-லிருந்து வருஷா வருஷம் இன்ன மாதம் இன்ன அறிவிப்பு என்று காலண்டர் போட ஆரம்பித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் உங்களிடமும் ஒரு காலண்டர் இருக்கட்டும். இத்தனை வருஷம்தான் முயற்சி என்று ஒரு கோடு போடுங்கள். காத்திருக்கும் நாளில் சும்மா இராமல் ஒரு தொழில் கற்றுக்கொள்ளுங்கள். 'ரயில்வேயில் வேலை' என்று மட்டும் பார்க்காமல், ரயில்வேயில் என்ன வேலை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை ராத்திரி என்று கேளுங்கள். தாத்தா காலத்துப் பென்ஷனும் இல்லை. 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் புதுத் திட்டம். 2025 ஏப்ரலில் வந்த யு.பி.எஸ்.சைத் தேர்ந்தெடுத்தால், 25 வருஷ சர்வீஸுக்குக் கடைசி வருஷ அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி நிச்சயம்.

எங்கள் பையன் விடவில்லை. ராத்திரி படிக்கிறான். துறைக்குள் நடக்கிற தேர்வெழுதி எஞ்சினுக்குப் போக வேண்டுமாம். கொள்ளுத் தாத்தா கரி போட்ட இடம்!

சரி, கேசரி என்ன ஆச்சு?

"எஞ்சினீயரிங் டிபார்ட்மெண்ட்" என்று அக்கா சொன்னதும் பெண்ணின் அப்பா, "அப்போ டேபிள் ஒர்க்தானே?" என்றார்.

அக்கா விழித்தாள். நான் இரண்டாவது கரண்டி கேசரிக்குத் தயாரானேன்.

பையனே வாயைத் திறந்தான். "இல்லீங்க. தண்டவாளத்துல வேலை. தினம் பன்னெண்டு, பதினாலு கிலோமீட்டர் நடக்கணும். சுத்தியல், கொடி எல்லாம் உண்டு."

ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஆயிரம் வாட்ஸ் பல்பு ஃப்யூஸ். அக்கா என்னை முறைத்தாள், ஏதோ நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் குரல்: "அம்மா, வெயில்ல நடக்கறப்போ தொப்பி போட்டுக்கறாரான்னு கேளு."

தேதி பார்த்தாச்சு. தையில் கல்யாணம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தாள். பெண் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம்: "டிராக் மெயின்டெய்னர்னே போடுங்க அத்தை. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்!"