மடிநோய்க்குக் கைகொடுக்கும் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு!

வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பல குடும்பங்களுக்குக் கறவை மாடுதான் கூடுதல் வருமானம். மழைக்காலத்தில் ஆலை வேலை குறைந்தாலும் பால் காசு வீட்டைத் தாங்கும். அந்த மாட்டின் மடி வீங்கிவிட்டால்?

மடிநோய்க்குப் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்களே காரணம். ஈரமான சாணத் தரையில் மாடு படுக்கும்போதும், கழுவாத கையால் பால் கறக்கும்போதும் காம்பின் துளை வழியாக இவை உள்ளே நுழைகின்றன. மடி சூடாகி, கல் போல் இறுகும். பால் திரிதிரியாக, சில நேரம் ரத்தம் கலந்து வரும்.

எப்படித் தயாரிப்பது?

தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரவலாக்கிய மூலிகை மருத்துவ முறை இது. தேசிய பால்வள வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். முதலில் பாலை முழுவதுமாகக் கறந்துவிட்டு, மடியைக் கழுவுங்கள். விழுதில் ஒரு கைப்பிடி எடுத்து, 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடி முழுக்கத் தடவுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை, 3 முதல் 5 நாள்கள் தடவ வேண்டும். விழுதைத் தினமும் புதிதாக அரைப்பது அவசியம். கூடவே, நாளொன்றுக்கு 2 எலுமிச்சையை நறுக்கித் தின்னக் கொடுக்கலாம்.

இங்கேதான் சிக்கல். காலையில் ஆலைக்குப் போனால் மாலையில்தான் திரும்ப முடியும். இடையில் தடவுவதை வீட்டிலிருக்கும் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் பலன் கிடைக்கும். இரண்டு வேளை தடவிவிட்டு ‘கேட்கவில்லை’ என்று கைவிடக் கூடாது.

பால்கோவா வரை பாதிப்பு

ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், மருத்துவர் சொல்லும் நாள்கள் வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. மருந்து கலந்த பால் சரியாக உறையாது. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் நல்ல பால்தானே மூலதனம்! தேவையின்றி ஆன்டிபயாடிக் கொடுப்பது, மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்த்துவிடும்.

அதற்காக ஊசியே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். மாடு காய்ச்சலில் தீவனம் எடுக்காமல் இருந்தாலோ, மடி குளிர்ந்து நீலம் பாரித்தாலோ உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் பேசலாம்.

வராமல் தடுக்க...

* பட்டாசு மருந்தில் வேலை செய்தவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே மடியைத் தொட வேண்டும்.
* முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி இருந்தால் உடனே தெரியும்.
* நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்கவும்.
* கறந்ததும் தீவனம் வையுங்கள். மாடு சிறிது நேரம் நிற்கும்; அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும்.

வேலியோரம் வளரும் கற்றாழையில் இரண்டைக் கொட்டகைப் பக்கம் நட்டு வையுங்கள். அவசரத்துக்கு உதவும்.