பள்ளி முடிந்த பின்னும் கணிதம்

ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிந்ததும் நம் தோழியருள் சிலர் கல்லூரிக்குச் செல்கின்றனர். சிலர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கோ கைமடி வேலைக்கோ போய்விடுகின்றனர். வீட்டு நிலை அப்படி. அவர்களுள் கணக்கில் நல்ல நாட்டம் உடையவர்களும் உண்டு. "இனி எனக்கெதற்குக் கணக்கு?" என்று அவர்கள் பாடப்புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடும்போது நமக்கு மனம் கனக்கிறது. ஆசிரியர் அருகில் இல்லாமல், புத்தகத்தைக் கொண்டே கணிதம் கற்க இயலுமா?

இயலும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. திருப்பூரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். 1903-இல் நண்பர் ஒருவர் மூலம் கார் என்பவர் எழுதிய தடித்த நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்யும் ஆசிரியர், இங்கிலாந்தில் 1880-களில் வெளியிட்ட தொகுப்பு அது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் வரிசையாக நிற்கும். விளக்கமோ மிகச் சொற்பம். பலரும் மூடி வைத்துவிடக்கூடிய புத்தகம் என்றே சொல்லலாம்! விளக்கம் இல்லாத குறையே இராமானுஜனுக்கு வழியாயிற்று. ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே போட்டுப் பார்த்தால்தான் அடுத்ததற்குப் போக முடியும். நமது பூண்டிச் சிற்பக் கூடங்களில் உளியைப் பிடிக்காமல் வேடிக்கை பார்த்தே சிற்பியானவர் உண்டோ? புத்தகக் கணிதமும் அப்படித்தான்.

கல்லூரி அவருக்குக் கைகொடுக்கவில்லை. மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் உதவித்தொகை போயிற்று; 1906, 1907 ஆகிய இரு ஆண்டுகளிலும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. பட்டம் இல்லாமலே கணிதத்தைத் தொடர்ந்தார். தாள் வாங்கப் பணம் போதாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவர் கேட்ட கேள்வி ஒன்றை நம் பத்தாம் வகுப்பு மாணவியரும் புரிந்துகொள்ளலாம்.

√(1+2√(1+3√(1+4√(1+...)))) இதன் மதிப்பு என்ன?

வாசகர் எவரும் விடை அனுப்பவில்லை. விடை 3. எப்படி? 3 என்பது √9. 9 என்பது 1+2×4. அந்த 4 என்பது √16. 16 என்பது 1+3×5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1+4×6. ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்திக்கொண்டே போனால் கேள்வி கிடைத்துவிடுகிறது.

ஆனால் சற்றே நில்லுங்கள். 4-ஐ எடுத்து இதே வேலையைச் செய்வோம். 16 என்பது 1+2×7.5. அந்த 7.5-ஐ வர்க்கப்படுத்தினால் 56.25; அது 1+3×18.4 (ஏறத்தாழ). இதுவும் முடிவின்றிப் போகிறது. அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமே! எது சரி? கணக்கை இடையில் நிறுத்திப் பார்த்தால் தெரியும். 3, 4, 5, 6 என்ற எண்களில் நிறுத்தினால் முறையே 2.24, 2.56, 2.76, 2.87 என்று மதிப்பு 3-ஐ நோக்கி ஏறுகிறது, 3-ஐத் தாண்டுவதில்லை. 4-இல் தொடங்கிய வரிசையிலோ உள்ளே நிற்கும் எண் 7.5, 18.4, 84.5, 1429 என்று கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. இந்தப் படியை நிரூபித்தால்தான் விடை முழுமை பெறும். இராமானுஜன் இதழில் தந்த விடையில் அது இல்லை. பிற்காலத்தில் பிறர் நிறைவு செய்தனர்.

தனியே கற்பதன் பலமும் பலவீனமும் இந்த ஒரு கணக்கிலேயே இருப்பதாக நமக்குப் படுகிறது. பனியன் கம்பெனியில் தைத்தவர் கையிலிருந்து பீஸ் நேரே பார்சலுக்குப் போவதில்லை. செக்கிங் மேசைக்கு வந்தாக வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த இராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது அந்த மேசையைத்தான் தேடினார். அவர் அனுப்பியவற்றுள் வியக்கத்தக்கவை பல. பகா எண்களைப் பற்றிய ஒன்று பிழை. ஹார்டி நிரூபணம் கேட்டு எழுதினார். 1918-இல் அவர் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920-இல் 32 வயதில் மறைந்தார். நோட்டுகளில் நிரூபணமின்றி அவர் விட்டுச்சென்றவற்றை அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக விளக்கி வெளியிட்டார்.

"அவர் ஆண்பிள்ளை, மேதை" என்று சொல்வோருக்கு பாரிஸ் நகரில் 1776-இல் பிறந்த சோஃபி ஜெர்மேனைச் சொல்வோம். தந்தையின் நூலகத்தில் கணிதம் படித்த பெண்ணை இரவில் படிக்கவிடாமல் பெற்றோர் மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டனர். அவள் வேறொன்றை ஒளித்து வைத்துப் படித்தாள். பெண்களைச் சேர்க்காத கல்லூரியின் பாடக்குறிப்புகளை வரவழைத்து, லெ பிளாங்க் என்ற ஆண்பெயரில் விடை எழுதி அனுப்பினாள். 1816-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். வேலை முடிந்து வரும் மகளுக்கு இரவில் ஒரு மணி நேரமும் ஒரு விளக்கும் ஒதுக்குங்கள். பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகமும் நாற்பது பக்க நோட்டும் போதும், தொடங்க. விடையைப் பின்பக்கத்தில் பார்க்குமுன் மூன்று முறை தானே போட்டுப் பார்க்கட்டும். போட்டதை மாதம் ஒருமுறை, கம்பெனி விடுமுறையான ஞாயிறன்று, கணக்கு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். தவறாகப் போட்ட பக்கங்களைக் கிழிக்காமல்.