வானூர்தி விபத்துகள் பெருகி வருகின்றனவா?

2024 டிசம்பர் 29ஆம் நாள் தென்கொரியாவின் மூவான் நிலையத்தில் இறங்கிய விமானமொன்று ஓடுதளத்தைக் கடந்து சென்று மோதியதில் 179 பேர் மாண்டனர். ஒரு திங்கள் கழித்து, 2025 ஜனவரி 29இல், வாஷிங்டன் நகரருகே பயணி விமானமும் இராணுவ ஹெலிகாப்டரும் வானிலேயே மோதி 67 பேர் இறந்தனர். ஜூன் 12இல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்தது. அதிலிருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒருவரே. தரையில் மாண்டோரையும் சேர்த்து இறந்தவர் தொகை 260. ஆறு திங்களுக்குள் இவ்வளவும் நடந்தால், "முன்பெல்லாம் இப்படி இல்லையே" என்ற பேச்சு எழுவது இயல்பே.

கெடா மாநிலத் தமிழர்க்கு இது வீண் பேச்சன்று. பால்மரக் காட்டையும் செம்பனைத் தோட்டத்தையும் விட்டுக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் வீட்டுக்கு வீடு உளர். பினாங்குத் துறையில் ரஜுலா கப்பலேறித் தாயகம் சென்ற காலம் மலையேறிவிட்டது. பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர் விமானமே 2024 டிசம்பரில் தொடங்கியது. தீபாவளிக்கு வரும் மகனும், ஊர்க்கோயில் திருவிழாவுக்குப் போகும் பாட்டியும் இன்று வான்வழியை நம்பியே இருக்கின்றனர்.

ஆயின், முன்பு இப்படி இல்லை என்பது மெய்தானா? 1977ஆம் ஆண்டை எடுத்துக்கொள்க. அவ்வாண்டு மார்ச்சு 27இல் தெனெரீப் தீவில் இரு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். செப்டம்பர் 27இல் சுபாங் நிலையத்தை நெருங்கிய ஜப்பானிய விமானம், ஓடுதளம் கண்ணில் படுமுன்பே அளவுக்கு மீறித் தாழ்ந்து, எல்மினா ரப்பர்த் தோட்டத்தில் விழுந்தது. 79 பேரில் 34 பேர் மாண்டனர். அதன்பின் பத்து வாரம் முடியவில்லை. டிசம்பர் 4ஆம் நாள் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் வழியில் கடத்தப்பட்டு, ஜொகூரில் தஞ்சோங் கூப்பாங் என்னுமிடத்தில் விழுந்து நொறுங்கியது. இருந்த 100 பேரில் எவரும் பிழைக்கவில்லை. 1978 புத்தாண்டு நாளன்றே பம்பாயில் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் கடலில் வீழ்ந்து 213 உயிர்கள் போயின. இதையெல்லாம் நாடு மறந்துவிட்டது என்பதற்காக, நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு. புயலடித்த மறுநாள் கங்காணி விழுந்த மரங்களை எண்ணி, "போன ஆண்டு பத்து, இவ்வாண்டு பன்னிரண்டு" என்றால், தோட்டம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. நிற்கும் மரங்கள் எத்தனை என்று முதலில் கேட்க வேண்டும். ஆயிரம் மரத்தில் பத்து விழுவதும், பதினாயிரம் மரத்தில் பன்னிரண்டு விழுவதும் ஒன்றாகா.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர்னால்டு பார்னெட் 2024இல் வெளியிட்ட ஆய்வு இக்கணக்கைத்தான் போட்டது. 1968 முதல் 1977 வரை விமானம் ஏறியோரில் 3,50,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் சாவு நேர்ந்தது. 2018 முதல் 2022 வரை 1 கோடியே 37 இலட்சம் பேருக்கு ஒருவர். அஃதாவது, ஆபத்து ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்துள்ளது. நாள்தோறும் ஒரு விமானம் ஏறும் ஒருவர் பழைய கணக்குப்படி 950 ஆண்டுகளுக்கு ஒருமுறை விபத்தில் மாள்வார். புதிய கணக்குப்படி 37,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆனால் சராசரி என்பது பலவற்றை மூடி மறைக்கும் போர்வை. அதே ஆய்வு உலக நாடுகளை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. மலேசியாவும் இந்தியாவும் இரண்டாம் தொகுதியில் உள்ளன. மூன்றாம் தொகுதி நாடுகளில் ஆபத்து முதல் தொகுதியைப்போல் 36 மடங்குக்கு மேல். ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கமும் உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் உயிர்ச்சேதமான விபத்து ஒன்றே. 2024இல் ஏழு. ஏழு மடங்கு என்று அலறலாம். அந்த ஏழும் 4 கோடியே 6 இலட்சம் பறப்புகளில் நேர்ந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஆபத்து தானாகக் குறையவில்லை. 1974 டிசம்பர் 1இல் அமெரிக்காவில் ஒரு விமானம் மலையில் மோதியது. மூன்றே நாள் கழித்து இலங்கையில் மஸ்கெலியாப் பகுதித் தேயிலை மலைகளில் ஹஜ் பயணியர் விமானம் மோதி 191 பேர் மாண்டனர். இரண்டிலும் இயந்திரம் பழுதில்லை. மலை எங்கே என்பதுதான் விமானிக்குத் தெரியவில்லை. தரை நெருங்குகிறது என்று உரக்க எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது இந்நிகழ்ச்சிகளை ஒட்டியே. பின்னர் நிலப்படத்தையே நினைவில் வைத்திருக்கும் கருவிகள் வந்தன. சொல்லும் உயிரைக் குடிக்கும். 1989 பிப்ரவரி 19இல் சுபாங்கை நெருங்கிய சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்குமாறு ஆணை தரப்பட்டது. ஆங்கிலத்தில் "டூ" என்னும் ஒலி இரண்டையும் குறிக்கும், வேற்றுமை உருபாகவும் வரும். விமானி அதை "400 அடிக்கு" என்று கொண்டார். நால்வர் மாண்டனர்.

வீட்டிலிருந்து விமான நிலையம் வரையுள்ள சாலையை எவரும் அஞ்சுவதில்லை என்பது வியப்பு. மலேசியச் சாலைகளில் 2016இல் மட்டும் 7,152 பேர் இறந்தனர். இந்நாட்டில் சாலையில் மாள்வோரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் செல்பவரே.

இவ்வளவு சொன்னபிறகும் கெடா மக்களின் அச்சத்தைக் கணக்கு முழுதும் ஆற்றாது. 2014 மார்ச்சு 8ஆம் நாள் பின்னிரவில், 239 பேருடன் பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட எம்.எச். 370 திரும்பித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்குத் தீவின் தெற்கே வளைந்து, அந்தமான் கடலை நோக்கிச் சென்றது. கெடா உறங்கிக்கொண்டிருந்தது. காரணம் இன்னதென்று உறுதி செய்ய இயலவில்லை என்று 2018ஆம் ஆண்டு அறிக்கை கூறிற்று.

இவ்வான்வழிக்கு இது புதிதன்று. 1930களில் ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் அலோர்ஸ்டாரில் இறங்கிச் செல்வது வழக்கம். 1935 நவம்பரில் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த புகழ்பெற்ற ஆஸ்திரேலிய விமானி கிங்ஸ்போர்டு ஸ்மித் அந்தமான் கடற்பகுதியில் மறைந்தார். 1937இல் பர்மாக் கரையோரத் தீவொன்றில் அவர் விமானத்தின் சக்கரக்கால் கிடைத்தது, அவ்வளவே. எம்.எச். 370இன் இறக்கைப் பகுதி 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் ஒதுங்கியது. பெருங்கடல் மேல் பறக்கும் பெரிய பயணி விமானங்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும் என்னும் அனைத்துலக விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.