ரா டெனிம்: வெட்டுறதுக்கு முன்னாடி நனைங்க

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒண்ணை அப்படியே படிக்கிறேன். "ப்ரோ, ரா டெனிம் ஜீன்ஸ் ஆன்லைன்ல வாங்கிட்டேன். விலையைச் சொன்னா அம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. இடுப்பு கரெக்டா இருக்கு, நீளம் 34 இஞ்ச். எனக்கு 30 போதும். பக்கத்துத் தெரு டெய்லர்கிட்ட கொடுக்கலாமா? பயமா இருக்கு."

இந்தப் பயம் நியாயமானதுதான். துணியில கத்தரி வச்சா ரோல்பேக் கிடையாது. ஆனா பயப்பட வேண்டியது டெய்லரைப் பார்த்து இல்ல, தண்ணியைப் பார்த்து. ஏன்னு சொல்றேன்.

ரா டெனிம்னா என்ன? சாயம் ஏத்தி, நெய்து, அதுக்கப்புறம் துவைக்காமலே தைச்சு விக்கிற டெனிம். அட்டை மாதிரி விறைப்பா இருக்கும். கடையில கிடைக்கிற சாதா ஜீன்ஸ் எல்லாம் ஃபேக்டரியிலேயே ஒரு தடவை துவைச்சு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கின பிறகு நம்ம கைக்கு வருது. ரா டெனிம் சுருங்குறது நம்ம வீட்டு பக்கெட்லதான்.

இதுலயும் ரெண்டு வகை. சான்ஃபரைஸ்டு, அன்சான்ஃபரைஸ்டு. சான்ஃபோர்ட் க்ளூயட்னு ஒரு அமெரிக்கர் 1930 வாக்குல துணியை மில்லுலயே ஈரமும் சூடும் கொடுத்து முன்கூட்டியே சுருக்குற முறையைக் கண்டுபிடிச்சார். அவர் பேர்தான் அந்த வார்த்தை. அப்படிச் செஞ்ச துணி முதல் துவைப்புல 1 முதல் 3 சதவீதம் சுருங்கும். செய்யாதது 10 சதவீதம் வரைக்கும் போகலாம். இப்ப கணக்குப் போடுங்க. நம்ம நண்பர் நேரா டெய்லர்கிட்ட போய் 30 இஞ்சுக்கு வெட்டித் தைச்சுட்டார்னு வைங்க. துணி அன்சான்ஃபரைஸ்டு, 8 சதவீதம் சுருங்குதுன்னா, முதல் துவைப்புக்கு அப்புறம் நீளம் இருபத்தேழரை இஞ்ச். வாங்கின காசுக்குக் கணுக்கால் காத்து வாங்கும். டெய்லர் அளவுல ஒரு நூல் தப்பியிருக்காது, ஆனா ஜீன்ஸ் போச்சு.

அதனால முதல் வேலை நனைக்கிறது. உள்பக்கத்தை வெளிய புரட்டி, வெதுவெதுப்பான தண்ணியில முக்கால் மணி நேரம் முழுசா அமுங்கிக் கிடக்கட்டும். அன்சான்ஃபரைஸ்டா இருந்தா தண்ணி இன்னும் கொஞ்சம் சூடா. தண்ணி நீலமாகும், பதறாதீங்க. முறுக்கிப் பிழியாம நிழல்ல தொங்க விடுங்க. அப்புறம் ரெண்டு மூணு நாள் போட்டுக்கிட்டு நடங்க, உக்காருங்க. முட்டிக்குப் பின்னாடி மடிப்பு விழும்போது காலு இன்னும் கொஞ்சம் மேல ஏறும். அதுக்கப்புறம் நீங்க வழக்கமா போடுற செருப்போ ஷூவோ போட்டுக்கிட்டு அளவு எடுங்க. வெறுங்கால்ல எடுக்காதீங்க.

இப்ப தையலுக்கு வருவோம். இன்டர்நெட்ல போய்ப் பார்த்தீங்கன்னா "செயின் ஸ்டிச் இல்லாட்டி அது ஜீன்ஸே இல்ல"ன்னு ஒரு கூட்டம் சண்டை போடும். அவங்க சொல்றது சங்கிலித் தையல். அமெரிக்காவோட யூனியன் ஸ்பெஷல் கம்பெனி செஞ்ச 43200ஜி-ங்கற பழைய மெஷின் இந்த விஷயத்துல சாமி மாதிரி. அது பாட்டத்தை மடிச்சுத் தைக்கும்போது மடிப்போட மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே வேகத்துல நகராது. லேசாக் கோணும். துவைக்கத் துவைக்க அந்தக் கோணல் முறுக்கின கயிறு மாதிரி வரிவரியா வெளுக்கும். பார்க்க அழகுதான், ஒத்துக்கிறேன். ஆனா சங்கிலித் தையல்ல ஒரு இடத்துல நூல் அறுந்து, சரியான முனையைப் பிடிச்சு இழுத்தா, அரிசி மூட்டை வாய் பிரியுற மாதிரி சரசரன்னு மொத்தமும் பிரிஞ்சு வந்துரும். அரிசி மூட்டையில இருக்கிறதும் அதே தையல்தான். நம்ம ஊர் டெய்லர் போடுற சாதா தையல்ல மேல்நூலும் பாபின் நூலும் ஒண்ணோட ஒண்ணு பின்னி நிக்கும். ஒரு இடம் அறுந்தா அந்த இடத்தோட போச்சு. என் கருத்து, சாதா தையல் போதும்.

எங்க ஊர் வலங்கைமான். கும்பகோணத்துல இருந்து மன்னார்குடி போற வழி. வெளியூர்க்காரங்களுக்குப் பாடைக் காவடியும் பட்டாசும்தான் தெரியும். கடைத்தெருவுல ஒரு டெய்லர் பாய் இருக்காரு, அறுபதைத் தாண்டினவரு, கால்ல மிதிக்கிற கறுப்பு மெஷின். என் ரா டெனிமைக் கொண்டு போய் வச்சேன். தடவிப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இது தண்ணி பார்த்த துணியா?" நான் மேல இவ்வளவு நேரம் விளக்கினதை அவர் ஒரே வரியில முடிச்சுட்டாரு.

எப்படித் தெரியும் பாய்னு கேட்டா, "ரஃப் அண்ட் டஃப் தைச்ச கை"ன்னாரு. நம்ம வயசுக்காரங்களுக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. 1995-ல அகமதாபாத் அர்விந்த் மில்ஸ் ஒரு வேலை செஞ்சாங்க. ஜீன்ஸைத் தைச்சு விக்காம, டெனிம் துணி, ஜிப், ரிவெட், பின்னாடி ஒட்டுற பேட்ச் எல்லாத்தையும் ஒரே பாக்கெட்ல போட்டு ரஃப் அண்ட் டஃப்னு வித்தாங்க. வாங்கி உங்க ஊர் டெய்லர்கிட்ட கொடுத்துத் தைச்சுக்கணும். விலை அன்னைக்கு டாலர் கணக்குல 6-க்குப் பக்கம். சின்ன ஊர், கிராமம்னு ஆயிரக்கணக்கான டெய்லர்கள் ஜீன்ஸ் தைக்கக் கத்துக்கிட்டது அப்படித்தான். அதனால "உள்ளூர் டெய்லருக்கு டெனிம் என்ன தெரியும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அட, ஜீன்ஸுக்கு ரிவெட் அடிக்கலாம்னு யோசிச்ச ஜேக்கப் டேவிஸே ரீனோங்கற சின்ன ஊர்ல கடை வச்சிருந்த டெய்லர்தான். துணி வாங்கின இடம் லீவை ஸ்ட்ராஸ் கடை. 1873 மே 20-ல பேட்டன்ட் வந்தது ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட மனுவுக்கு.

பாய் தைக்கிறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். அரை இஞ்ச் மடிச்சு, இன்னொரு அரை இஞ்ச் மடிக்கணும். அதனால முடிவு அளவுக்குக் கீழ 1 இஞ்ச் விட்டுத்தான் வெட்டணும். கஷ்டம் எங்கன்னா கால் உள்பக்கத் தையல் வர்ற இடம். அந்தத் தையல்லயே துணி 4 அடுக்கு. அதை ரெண்டு தடவை மடிச்சா 12 அடுக்கு. 14 அவுன்ஸ் டெனிம், அதாவது சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 475 கிராம். அதுல 12 அடுக்கு. அங்கதான் ஊசி உடையும், தையல் தாவும். பாய் அந்த இடத்தைச் சின்ன சுத்தியலால நாலு தட்டுத் தட்டி அமுக்கினாரு. மெழுகுவத்தியைத் தேய்ச்சாரு. 18-ம் நம்பர் ஊசி மாட்டினாரு. மேட்டு மேல ஏறுறப்போ மெஷின் பாதம் பின்பக்கம் சாயாம இருக்க, மடிச்ச அட்டைத் துண்டை அடியில கொடுத்தாரு. அந்த ரெண்டு இஞ்சுக்கு மிதிக்கவே இல்ல, சக்கரத்தைக் கையால உருட்டினாரு. மேல தடிச்ச நூல், பாபின்ல கொஞ்சம் மெல்லிசு. ரெண்டு காலுக்கும் இருபது நிமிஷம். அறுபது ரூபா.

வெட்டின துண்டைக் குப்பையில போடாதீங்க. அதே துணி, அதே சாயம், ஏற்கனவே நனைஞ்சு சுருங்கினது. பின்னாடி முட்டியில கிழிஞ்சா இதைவிடப் பொருத்தமான ஒட்டுத்துணி உலகத்துல கிடைக்காது.

கிழியுறதைப் பத்தி இப்பச் சொல்லிடுறேன். டெனிம்ல நெடுக்கு நூலுக்கு மட்டும்தான் நீலம், குறுக்கு நூல் வெள்ளை. நீலமும் நூலோட மேல்தோல்லதான் ஒட்டியிருக்கும், நடுவுல வெள்ளைதான். அதனாலதான் உரச உரச வெளுக்குது. கவட்டியில வெள்ளை நூல் மட்டும் வலை மாதிரி தெரிய ஆரம்பிச்சா, நெடுக்கு நூல் தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். மாசம் ஒரு தடவை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஓட்டை விழறதுக்கு முன்னாடி போனா சின்ன வேலை. விழுந்த பிறகு போனா தையலுக்குப் பிடிமானமே இருக்காது.

ஒட்டு எப்பவும் உள்பக்கம். முட்டிக்கு வெட்டின டெனிம் துண்டு சரி. கவட்டிக்கு அது வேண்டாம், தடிமனா இருந்து தொடையை அறுக்கும். அங்க பழைய காட்டன் கைலித் துண்டு அருமையா இருக்கும். நைஞ்ச இடத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு இஞ்ச் பெருசா வச்சு, நெடுக்கு நூல் ஓடுற திசையிலேயே மேலயும் கீழயும் நெருக்கமா ஓட்டணும். குறுக்க ஓட்டினா தையல் துருத்திக்கிட்டுத் தெரியும். ஒரே நீல நூல் வேண்டாம், ரெண்டு மூணு நீலம் மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்க. முக்கியமா, எல்லா வரியும் ஒரே கோட்டுல முடியக் கூடாது. ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு ஏத்த இறக்கமா முடியணும். இல்லாட்டி கெட்டியான ஒட்டும் நைஞ்ச துணியும் சந்திக்கிற அந்தக் கோட்டுலயே அடுத்த கிழிசல் விழும்.

துவைக்கிறதைப் பத்தியும் கேட்டிருந்தாங்க. ஆறு மாசம் துவைக்கக் கூடாதுன்னு ஒரு கொள்கை இருக்கு. 2014-ல லீவைஸ் தலைவர் சிப் பெர்க் மேடையிலேயே, போட்டிருக்கிற ஜீன்ஸை ஒரு வருஷமாத் துவைக்கலைன்னு சொன்னாரு. அவருக்கு சான் ஃபிரான்சிஸ்கோ குளிர். நமக்குச் சித்திரை மாசம் கும்பகோணம் பஸ். வேர்வையும் புழுதியும் நூலுக்குள்ள உக்காந்து உப்புத்தாள் மாதிரி அறுக்கும், கவட்டி முதல்ல போறதுக்கு அதுவும் ஒரு காரணம். பத்துப் பதினஞ்சு தடவை போட்டதும் உள்பக்கம் புரட்டிப் பச்சைத் தண்ணியில அலசுங்க. கல்லுல அடிக்காதீங்க, பிரஷ் போடாதீங்க.

டெய்லர் கடைக்குப் போக நேரம் பார்த்துப் போங்க. ஜூன்ல ஸ்கூல் யூனிஃபார்ம், ஐப்பசியில தீபாவளி. அந்த ரெண்டு சமயமும் ஜீன்ஸை நீட்டினா பாய் நிமிர்ந்தே பார்க்க மாட்டாரு. பொங்கல் கழிஞ்சு போனீங்கன்னா உக்கார வச்சு டீ வாங்கித் தருவாரு. அவர் பையன் திருப்பூர்ல கம்பெனியில இருக்காரு, கடைக்கு வர்ற எண்ணம் இல்ல. "இந்த மெஷின் இன்னும் நாலு வருஷம் ஓடும் தம்பி, முட்டிதான் ஓடாது"ன்னாரு. கேட்ட நண்பருக்கு: இந்த வாரம் நனைச்சுருங்க, அடுத்த வாரம் கொண்டு போங்க.