கேரி வெப்: ஒரு தொடர், மூன்று பெரிய பத்திரிகைகள்

உண்மையைச் சொல்லணும்னா, இந்த எபிசோடை நான் ஒரு மனிதரைப் பற்றித் திட்டமிடவே இல்லை. ஆரம்பகால இன்டர்நெட்டில் பத்திரிகைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போதான் இது கண்ணில் பட்டது. 1996 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் 'சான் ஹோசே மெர்க்குரி நியூஸ்' மூன்று நாள் தொடர் ஒன்றை வெளியிட்டது. பெயர் 'டார்க் அலையன்ஸ்'. பேப்பரோடு சேர்த்து வெப்சைட்டிலும் போட்டார்கள். கட்டுரை மட்டும் இல்லை, கோர்ட் ஆவணங்கள், ஆடியோ பதிவுகள் எல்லாத்துக்கும் லிங்க். டயல்-அப் மோடம் காலத்தில்! ஒரு கட்டத்தில் ஒரே நாளில் 10 லட்சத்துக்கும் மேல் ஹிட்ஸ். நான் சாஃப்ட்வேர் ஆள் இல்லையா, அந்த சர்வர் எப்படித் தாங்கியது என்றுதான் முதலில் யோசித்தேன். எழுதியவர் என்ன ஆனார் என்று படித்த பிறகு சர்வர் மறந்தே போச்சு.

அவர் பெயர் கேரி வெப். 1955-ல் பிறந்தவர். கல்லூரியைப் பாதியில் விட்டுட்டு கென்டக்கியில் ஒரு பத்திரிகையில் சேர்ந்தார். அங்கே நிலக்கரித் தொழிலுக்கும் குற்றக் கும்பல்களுக்கும் இருந்த தொடர்பைத் தோண்டி எழுதி விருது வாங்கினார். பிறகு கிளீவ்லாந்து, 1988-ல் மெர்க்குரி நியூஸ். 1989 கலிஃபோர்னியா நிலநடுக்கச் செய்திகளுக்காகப் புலிட்சர் வாங்கிய குழுவில் இவரும் உண்டு. அரசு ஆவணங்களை மணிக்கணக்கில் புரட்டுவது, எடிட்டர்களோடு மல்லுக்கு நிற்பது, இரண்டுமே இவருக்குக் கைவந்த கலை.

சரி, தொடரில் என்ன இருந்தது? கொஞ்சம் பின்னணி வேணும். 1979-ல் நிகராகுவாவில் சர்வாதிகாரி சொமோசாவைத் துரத்திவிட்டு, சாண்டினிஸ்டாக்கள் என்ற இடதுசாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களைக் கவிழ்க்க 'கான்ட்ரா' என்ற கிளர்ச்சிப் படையை ரீகன் அரசு சிஐஏ மூலமாக வளர்த்தது. அந்தப் படைக்குப் பணம் வேண்டும். நிகராகுவாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ஓடிவந்த டனிலோ பிளாண்டோன் கொக்கெய்ன் விற்றார். அவரிடம் வாங்கி, அதைக் கிராக் என்ற மலிவான போதைப்பொருளாக்கி, தெற்கு லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பினத்தவர் பகுதிகளில் விற்றவர் 'ஃப்ரீவே' ரிக் ராஸ். லாபத்தில் ஒரு பங்கு கான்ட்ராக்களுக்குப் போனது. இதுதான் வெப் எழுதியது.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அந்த கோர்ட் சீன். 1996-ல் சான் டியாகோவில் ராஸ் மீது வழக்கு. அவரைப் பொறி வைத்துப் பிடித்துக் கொடுத்ததே பிளாண்டோன்தான்! ஏன்னா அதற்குள் அவர் சம்பளம் வாங்கும் அரசு இன்ஃபார்மர் ஆகியிருந்தார். சாட்சிக் கூண்டில் அவர் ஏறப்போகிறார் என்று தெரிந்ததும், ராஸின் வக்கீலிடம் சில கேள்விகளை வெப்பே கொடுத்தார். பிளாண்டோனும் சத்தியப் பிரமாணத்தின் கீழ், ஆரம்பத்தில் வந்த லாபம் கான்ட்ராக்களுக்குப் போனது என்று சொல்லிவிட்டார். ஒரு நிருபர் இப்படிச் செய்யலாமா? பிற்பாடு இதையே வைத்து அவரைக் குத்திக் காட்டினார்கள். செய்திருக்கக் கூடாது என்றுதான் எனக்கும் தோணுது. ஆனால் அந்தப் பதில் கோர்ட் பதிவில் ஏறிவிட்டது.

ராஸுக்கு ஆயுள் தண்டனை, பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. பிளாண்டோன் தன் பழைய வழக்கில் சிறையில் இருந்ததோ இரண்டரை வருஷம்கூட இல்லை. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்க. 1986-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படி அப்போது 5 கிராம் கிராக் விற்றாலே குறைந்தது 5 வருஷம் சிறை. அதே தண்டனை பவுடர் கொக்கெய்னுக்கு என்றால் 500 கிராம் வேண்டியிருந்தது. கறுப்பின மக்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்று இப்போ புரியும். கொதிப்பு அடங்காமல், அந்த நவம்பரில் சிஐஏ இயக்குநர் ஜான் டாய்ச் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பள்ளிக்கே நேரில் வந்து, மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்கு முன்பே, அக்டோபரில், வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் மூன்றும் வரிசையாக இறங்கின. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் மட்டுமே 17 பேரைப் போட்டது. எதற்கு? சிஐஏ-வைத் துருவ இல்லை, வெப்பின் தொடரைத் துருவ.

தொடரில் ஓட்டைகள் இருந்தன, மறைக்க வேண்டாம். சிஐஏ முத்திரையின் மேலே ஒரு ஆள் கிராக் புகைப்பது மாதிரி லோகோ. கட்டுரைக்குள் இல்லாத ஒன்றை, அதாவது சிஐஏ திட்டம் போட்டே செய்தது என்பதை, அந்தப் படம் சொல்லிவிட்டது. சிஐஏ தரப்புப் பதில் கட்டுரையில் இல்லை. பணம் 'மில்லியன் கணக்கில்' போனது என்பது ஒரு கணக்கீடுதான். நாடு முழுக்கப் பரவிய கிராக் அலைக்கு இந்த ஒரு கும்பலே காரணம் என்ற தொனியும் அதிகப்படி.

என் வேலையில் கோட் ரிவியூ தினமும் நடக்கும். பக் கண்டுபிடிப்பது தப்பே இல்லை, அதுக்குத்தான் ரிவியூ. ஆனால் இங்கே பக் லிஸ்ட் போட்டவர்கள், புரோகிராமை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. கான்ட்ராக்களுக்கும் போதைப்பொருளுக்கும் தொடர்பு உண்டு என்று 1985-லேயே ஏபி நிருபர்கள் எழுதியாச்சு, 1989-ல் ஜான் கெர்ரியின் செனட் குழுவும் சொல்லியாச்சு. அப்போ பெரிய பத்திரிகைகள் அதைக் கண்டுக்கவே இல்லை. போஸ்ட்டின் சொந்த ஆம்பட்ஸ்மேனே, அதாவது வாசகர் சார்பில் பத்திரிகையை விமர்சிக்க அங்கேயே வேலைக்கு வைத்திருந்தவரே, ஆர்வத்தைத் தப்பான பக்கம் காட்டிவிட்டீர்கள் என்ற மாதிரி எழுதினார்.

1997 மே மாதம் மெர்க்குரி நியூஸ் எடிட்டர் ஜெர்ரி செபோஸ், தொடரில் குறைகள் இருந்தன என்று தன் பத்தியில் ஒப்புக்கொண்டார். தொடர்ந்து வேலை செய்ய வெப் கேட்டார், அனுமதி இல்லை. சாக்ரமென்டோவில் குடும்பம் இருக்க, வெகு தூரம் தள்ளி கூப்பர்டினோ அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அந்த வருஷக் கடைசியில் ராஜினாமா.

1998-ல் சிஐஏ-வின் சொந்த இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஃபிரெடெரிக் ஹிட்ஸின் அறிக்கைகள் வந்தன. போதைக் கடத்தல் குற்றச்சாட்டு இருந்த ஆட்களோடும் சிஐஏ தொடர்ந்து வேலை செய்தது என்று அதிலேயே இருந்தது. தன் ஊழியர் அல்லாத கூட்டாளிகள் கடத்தினால் புகார் சொல்லத் தேவையில்லை என்று 1982-ல் நீதித்துறையோடு சிஐஏ போட்ட ஒப்பந்தமும் வெளியே வந்தது. கிராக் அலையை சிஐஏ திட்டமிட்டது என்று அறிக்கை சொல்லவில்லை. வெப்பும் அப்படி எழுதவில்லை. இரண்டாம் பாகம் வந்த அக்டோபரில் வாஷிங்டன் முழுக்க கிளின்டன்-லெவின்ஸ்கி விவகாரம். யார் படிப்பாங்க?

அதன் பிறகு எந்தப் பெரிய நாளிதழும் வெப்பை எடுத்துக்கொள்ளவில்லை. விவாகரத்து, மன அழுத்தம், கடன். சட்டமன்ற விசாரணைப் பிரிவில் கிடைத்த வேலையும் போனது. வீட்டை விற்க வேண்டி வந்தது. 2004 டிசம்பர் 10, வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளில் இறந்து கிடந்தார். வயது 49. தலையில் இரண்டு குண்டுக் காயம் இருந்ததால் 'கொலைதான்' என்று இன்னமும் வீடியோ போடுகிறார்கள். பிரேதப் பரிசோதனை அதிகாரி தற்கொலை என்று முடிவு செய்தார், முன்னாள் மனைவியும் அதையே நம்பினார். நானும் அந்தப் பக்கம்தான். கொலைக் கதையைப் பிடித்துக்கொண்டால், அந்த ஏழு வருஷம் அவரை என்ன செய்தது என்று யாரும் பேச மாட்டாங்க.

2013-ல், அந்த 17 பேரில் ஒருவரான ஜெஸ்ஸி காட்ஸ் ரேடியோவில் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தார். 2014-ல் ஜெரமி ரென்னர் நடித்து 'கில் தி மெசஞ்சர்' படம் வந்தது. அதே வருஷம் வெளியான ஒரு சிஐஏ உள் ஆவணம், பத்திரிகையாளர்களோடு ஏற்கெனவே இருந்த நல்ல உறவு இந்தச் சிக்கலைச் சமாளிக்க உதவியதாகக் குறித்து வைத்திருக்கிறது.

படத்தோடு நிறுத்திக்காதீங்க. தொடரை விரித்து 1998-ல் வெப் அதே பெயரில் எழுதிய புத்தகம் இருக்கு, கனமானது. முழுசா முடியலைன்னா அந்த சான் டியாகோ கோர்ட் பகுதியையாவது படிங்க. படிச்சுட்டு, வக்கீலிடம் கேள்வி கொடுத்தது சரியா தப்பா என்று எனக்கு எழுதுங்க. இதில் என் நண்பனுக்கும் எனக்கும் இன்னும் சண்டை முடியலை.